வூஃபருக்கு நகம் வெட்டிய நாள்

— ஏ பூனை, உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. ஒரு காலப் புடின்னா புடிப்பேன். நாலு காலையும் ஒரே நேரத்துல புடிக்க எனக்கு இன்னா எட்டுக் கையா கீது?

— வூஃபர், நீ உங்க பெரியம்மாகிட்ட சொல்லு. நாலு காலையும் யாரும் புடிக்கச் சொல்லல. துண்டுல சுத்திட்டு, தலையும் ஒரு காலும் மட்டும் வெளிய தெரியணும்னுதான் சொன்னேன். இட்லித் துணி மாதிரி மூஞ்சியையும் சேத்து மூடச் சொல்லல.

— பெரியம்மாவா? பூனைக்கு நான் பெரியம்மாவா? ஏ பூனை, அந்த சுகிர்தாவாண்ட கேளு. புருசனோட அண்ணன் பொண்டாட்டின்ற மரியாதைக்காவது, ஆறு மாசமா 'ஹேமாக்கா'ன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த கூப்டல. ஒரே வாசல்ல குந்திக்கினு ரெண்டு பேரும் பாத்திரம் தேய்க்கிறோம், மூஞ்ச நிமிந்து பாக்கல. இன்னிக்கு உனுக்கு ஒண்ணுன்னதும் ஓடியாந்து என் வாசப்படியில நிக்கிறா.

— வூஃபர், அவங்களும்தான் ஆறு மாசமா 'சுகிர்தா'ன்னு கூப்டல. இப்பதான் உன் புண்ணியத்துல என் பேரு அவங்க வாயில வருது.

— பூனை, பாவம் புண்ணியம்லாம் அப்பால. மொதல்ல ஒப்பந்தம் இன்னான்னு ஞாபகம் கீதா? நகத்த வெட்டிட்டா நீ இங்க இருக்கலாம். வெட்டலேன்னா, சாயந்தரம் எங்கூட்டுக்காரு உன்னிய சாக்குல போட்டு ஏரிக்கரையில உட்டுட்டு வந்துடுவாரு. ஆமா, சொல்ட்டேன்.

— அதான் வெட்டத்தான போறோம். கண்ணு முழிச்சே ஒரு மாசம்தான் ஆகுது. இத ஏரிக்கரையில விட்டா நாய் கவ்விட்டுப் போயிடும்னு அவங்களுக்குத் தெரியாதா வூஃபர்?

— தெரியும். பட்டுப் பொடவன்னா இன்னான்னும் தெரியும். ஷாஹீதா வூட்டுப் பொடவ. ஃபால்ஸ் வச்சுத் தைக்கக் குடுத்தது. அவ தங்கச்சி பொண்ணு நிக்காவுக்குக் கட்டிக்கினு போவப்போறது. மடிச்சு மெஷின் மேல வச்சிட்டு, ஒரு வாய் மோர் குடிக்க உள்ள போனேன். வந்து பாத்தா, இது அது மேல சுருண்டு படுத்துக்கினு கொறட்ட உடுது. முந்தியில தோ, இம்மாம் நீளத்துக்கு ஒரு இழை இஸ்துக்கினு நிக்குது. ஷாஹீதா வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? பொடவ எப்படி கீதுன்னு பூனை கட்டிப் பாத்துச்சும்மான்னு சொல்றதா?

— அந்த இழைய ஊசியால பின்பக்கம் தள்ளி விட்டுடலாம், தெரியாது. நான் செஞ்சு குடுக்கறேன்னு சொல்லு வூஃபர்.

— வாணாம். தையக்காரிக்கே தையல் கத்துக்குடுக்க வாணாம். நகத்த வெட்டச் சொல்லு.

— சரி. நல்லாப் பாத்துக்கச் சொல்லு. பாதத்துக்கு அடியில நான் கட்டை வெரலால லேசா அமுக்குவேன். நகம் தானா வெளிய வரும். கண்ணாடி மாதிரி இருக்கிற நுனிய மட்டும்தான் வெட்டணும். உள்ள ரோஸ் கலர்ல தெரியுதே, அது ரத்தக் கொழா. அதுல கட்டர் பட்டா ரத்தம் வந்துடும். அதனால நீயும் ஆடக் கூடாது, பெரியம்மாவும் ஆடக் கூடாது.

— இத்தல்லாம் எங்க கத்துக்கினாளாம்? கேளு.

— யூடியூப்ல. ஒரு வெள்ளக்காரம்மா வெட்டுனாங்க. அவங்க பூனை சோபாவுல சாமியாரு மாதிரி கண்ண மூடிட்டு உக்காந்திருந்துச்சு.

— அது வெள்ளக்காரப் பூனை. இது உத்திரமேரூர் பூனை. ரோசம் சாஸ்தி.

— வெட்டறேன். ஒண்ணு...

— கத்துது, கத்துது! இன்னாமா கத்துது பாரு! வலிக்குது போல கீது!

— இன்னும் கட்டரே படல!

— அப்பறம் ஏன் கத்துது?

— நீங்க கத்தறீங்க, அதனால அதுவும் கத்துது. ஐயோ, தலைய விட்டுட்டீங்க! புடிங்க! யக்கா, புடிங்க!

— எங்கடி புடிக்கிறது? தோ, தோள் மேல ஏறிட்ச்சு! சுகிர்தா! முதுகுல நிக்குது! எடு! எடுடி!

— அசையாம நில்லுங்கக்கா! கிரைண்டர் மாதிரி சுத்தாதீங்க!

— இருபது நகமும் எம் முதுகுலதான் கீது! நீ வந்து நின்னு பாரு, சுத்தறியா இல்லியான்னு!

— குனிங்க. குனிங்கக்கா. ஒவ்வொரு நகமாதான் கயட்டணும். இழுத்தா ஜாக்கெட் கிழிஞ்சிடும். இருங்க... இந்தக் கால் ஆச்சு. இது... ஆச்சு. இந்தாங்க, வந்துடுச்சு. வாடா தங்கம், வாடா.

— முதுகு எரியுது எனுக்கு. தங்கமாம்ல தங்கம்.

— இருங்க, டெட்டால் எடுத்தாரேன்.

— ஒண்ணும் வாணாம். மேலாப்புல கீறல்தான். இப்ப நீ என்னிய இன்னான்னு கூப்ட?

— எப்போ?

— 'யக்கா, புடிங்க'ன்ன.

— அவசரத்துல வந்துடுச்சு. நீங்க மட்டும் 'எடுடி'ன்னீங்களே?

— அது எரிச்சல்ல வந்தது. கணக்குல சேராது.

— சரி. சேர வேணாம்.

— ...உக்காரு. அந்தப் பாயில உக்காரு. வெயில் வருது பாரு, தூணுக்கு இந்தாண்ட வா. ஒரு வேல ஆரம்பிச்சா முடிச்சிடணும். எனுக்கு ஒரு யோசன தோணுது. வயிறு ரொம்பினா அது அடங்கும். இரு, வரேன்.

— இன்னா டப்பா அது? கருவாட்டுத் தலையா?

— நேத்து கொழம்பு வச்சேன். மீந்துச்சு.

— தலைய மட்டும் தனியா எடுத்து, முள்ளெல்லாம் ஆய்ஞ்சு, மூடி போட்டா மீந்துச்சு? யக்கா, நீங்க டப்பாவத் தொறக்கற சத்தத்துக்கே இது காத நிமித்துது. பழகுன சத்தம் மாதிரி இருக்கே?

— உன் பூனைக்கு மூக்கு சாஸ்தி.

— நான் ராத்திரி பால் வச்சா மோந்து பாத்துட்டுப் போயிடும். ஏன் இது சாப்பிடவே மாட்டேங்குதுன்னு நான் கவலப்பட்டுட்டு இருந்தேன்.

— எந்நேரமும் பால் பால்னா எந்தப் பூனை குடிக்கும்? பேச்ச வுடு. தின்னு முடிச்சிட்ச்சு. பாரு, கண்ணு சொக்குது. இப்ப சுத்து துண்ட. நானே தலையப் புடிக்கிறேன். கன்னத்துல இப்படி தடவிக்கினே இருப்பேன், நீ உன் வேலையப் பாரு.

— ஆ, அப்படித்தான். சூப்பர்க்கா. இப்ப வெட்டறேன். ஒண்ணு.

— வெட்டிட்டியா?

— வெட்டிட்டேன்.

— ஒண்ணுமே தெரியலியே. எங்க போச்சு நகம்?

— உங்க டீ டம்ளர்ல விழுந்துடுச்சு.

— அட என் சாமி! இன்னும் ஒரு வாய் கூடக் குடிக்கலடி!

— வேற போட்டுத் தரேன். அசையாதீங்க. ரெண்டு... மூணு... நாலு. மேல பக்கவாட்டுல ஒண்ணு இருக்கும், கட்டை வெரல் மாதிரி. அதான் எல்லாத்தையும் புடிச்சு இழுக்கிறது. அஞ்சு. ஒரு காலு முடிஞ்சுது.

— ஒரு காலுக்கு அஞ்சு, அப்ப நாலு காலுக்கு இருபது.

— பதினெட்டு. பின்னங்காலுக்கு நாலு நாலுதான்.

— இன்னா பதினெட்டு? கடவுள் கணக்கு தெரியாம படைச்சானா?

— நீங்களே எண்ணிப் பாருங்க.

— ...ஆமா, நாலுதான் கீது. இம்மாம் வயசாச்சு, இது தெரியாது எனுக்கு. சரி, அடுத்த காலு. மெதுவா. அது பேரு இன்னா சொன்ன, ஊப்பரா?

— வூஃபர்க்கா. ஸ்பீக்கர் பாக்ஸுக்குள்ள பொறந்துச்சு. எங்கூட்டுக்காரரு அந்தப் பெரிய பாக்ஸ பின்னாடி கூரையில போட்டு வச்சிருந்தாருல்ல? தாய்ப்பூனை அதுல மூணு குட்டி போட்டுச்சு. ரெண்ட தூக்கிட்டுப் போயிடுச்சு. இத மட்டும் விட்டுட்டுப் போயிடுச்சு.

— பாக்ஸு கூரையிலயா கீது? உங்கூட்டுக்காரரு அத்த தூக்கிக்கினு தெனம் வேலைக்குப் போறாருன்னு இல்ல நெனச்சேன்?

— அது பழசு. புதுசு ரெண்டு எடுத்துட்டுப் போறாரு. ஆம்ப்ளிஃபயர் சாலவாக்கத்துல யாருகிட்டயோ வாடகைக்கு எடுக்கறாராம். உங்க வீட்டுல எப்படி?

— எங்கூட்டுக்காரராண்ட ஆம்ப்ளிஃபயர் கீது, பாக்ஸு இல்ல. அவரும் பாக்ஸ வாடகைக்குத்தான் எடுக்கறேன்றாரு. யாருகிட்டன்னு கேட்டா உயிரு போவுது சொல்றதுக்கு.

— அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து ரேடியோ செட்டு வச்சிருந்தப்ப இந்தப் பேஜார்லாம் இல்லக்கா.

— யாரு பிரிச்சது? எழவு வூட்டுல ஒப்பாரி போடறதுக்கு பதிலா குத்துப்பாட்டு போட்டது யாரு?

— அவரு போடல. புளூடூத்ல அவரு போன் தானா மாட்டிக்கிச்சு. பொணத்த எடுக்கற நேரம் பாத்து பாட்டு ஓடிடுச்சு. அதுக்குப் பெரிய மாமா, ஊர் ஜனம் முன்னாடி, கல்யாணமான ஒரு ஆம்பளைய கன்னத்துல அறையலாமா?

— தப்புதான். அன்னிக்கு ராத்திரி நானே அவர வெளுத்து வாங்கினேன். தம்பிய கை நீட்டிட்டு வந்து எங்கையால சோறு கேக்காதேன்னேன். பட்டினியாத்தான் படுத்தாரு.

— நெசமாவா? இது எனக்குத் தெரியாதே.

— எப்படித் தெரியும்? மறுநாள் காலையில நீ வாசல்ல நின்னுக்கினு, 'அந்த வூட்டு ஆளுங்க அடிக்கறதுக்குன்னே பொறந்தவங்க'ன்னு கொழாயாண்ட சொன்ன. அந்த வூட்டு ஆளுங்கன்னா அதுல நானும் கீறேன் இல்ல? உன் கல்யாணத்துக்குப் பன்னெண்டு ஜாக்கெட்டு தச்சுக் குடுத்தேன். பன்னெண்டுக்கும் கை அளவு சரியா இருந்துச்சா இல்லியா?

— இருந்துச்சு.

— அந்தக் கையா உன்ன அடிச்சுது?

— ...கோவத்துல சொன்னதுக்கா. நீங்க வந்து 'ஏன்டி அப்படிச் சொன்ன'ன்னு ஒரு வார்த்த கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க வரல. அப்பறம் அவரு, 'அவங்களோட பேசுனா என் மானம் போயிடும்'னாரு.

— எங்கூட்டுக்காரும் அதேதான் சொன்னாரு. மானம். ரெண்டு பேருக்கும் அது மட்டும் மூட்ட மூட்டயா கீது. நகத்தப் பாரு, நகத்த. எங்கியோ பாத்துக்கினு வெட்டாத.

— பாத்துத்தான் வெட்டறேன். கண்ணுல தண்ணி நிக்குது, அதான் மசமசன்னு இருக்கு. ஒரு நிமிசம். ...எட்டு. ஒம்போது. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. பேசாம இருந்தது சரி. எங்க டிவி ரீசார்ஜ் முடிஞ்சு நான் இருட்டுல உக்காந்திருக்கேன், நீங்க எதுக்கு வேணும்னே உங்க டிவிய அவ்ளோ சத்தமா வச்சீங்க? எரிச்சல் மூட்டவா?

— வேணும்னேதான் வச்சேன்.

— பாத்தீங்களா!

— உன் சன்னல்ல டிவி வெளிச்சம் காணோம். சீரியல்ல அந்த மருமவளக் கடத்திக்கினு போயிருந்த நேரம். அடுத்து இன்னா ஆச்சுன்னு தெரியலேன்னா உனுக்குத் தூக்கம் வராது. பாக்க முடியலேன்னாலும் காதுலயாவது வுழட்டும்னு வச்சேன். இல்லேன்னா எனுக்கின்னா செவுடா?

— ...எனக்குக் கேட்டுச்சுக்கா. எல்லாம் கேட்டுச்சு.

— தெரியும். வெளம்பரம் வந்தா மட்டும் உன் வூட்டுல பாத்திரம் கழுவுற சத்தம் வரும்.

— யக்கா...

— அழுவாத. அழுதா நகம் கண்ணுக்குத் தெரியாது. பூனை பாவம்.

— நானும் ஒண்ணு செஞ்சேன். காலையில பைப்புல தண்ணி வந்தா, நீங்க மெஷின்ல இருப்பீங்க, சத்தம் கேக்காது. உங்க டிரம்மயும் நான்தான் ரொப்பி வைப்பேன்.

— இன்னாது? நீயா? தெனமும் அவருதான் ரொப்புனேன்னு சொல்லிட்டு எங்கிட்ட ரெண்டு முட்ட சாஸ்தியா வாங்கித் தின்னாரே! 'பாவம், இடுப்பு வலியோட தண்ணி தூக்கறாரே'ன்னு தைலம் வேற தேய்ச்சு வுட்டேனே!

— பெரிய மாமா எழுந்திரிக்கறதே எட்டு மணிக்குக்கா.

— வரட்டும், வரட்டும் இன்னிக்கு. தைலம் தேய்ச்ச கைக்கு வேற வேல கீது. ...ஐயையோ!

— இன்னா? ரத்தமா?

— ரத்தம் இல்ல. மடியில சூடா இன்னாவோ... மூத்திரம் வுட்டுட்ச்சுடி உன் புள்ள!

— பயத்துல விட்டிருக்கும்! எழுந்துக்காதீங்க, எழுந்துக்காதீங்க! இன்னும் ஒரு காலுதான் பாக்கி!

— நனைஞ்சுக்கினே குந்தணுமா?

— ரெண்டு நிமிசம்க்கா. ப்ளீஸ்க்கா. துவைச்சு நானே காயப் போடறேன்.

— சீக்கிரம் வெட்டு. நாளைக்கு செங்கேணி மேஸ்திரி வந்து நடு வாசல்ல செவுரு கட்டிட்டா, நீ எங்க என் பொடவையத் துவைக்கிறது? செவுரேறிக் குதிச்சு வந்தா துவைப்ப?

— அதப் பத்தி பேசாதீங்க. வாசல்ல அந்தக் கல்லையும் மணலையும் பாக்கவே புடிக்கல. வூஃபருக்கு மட்டும்தான் அந்த மணல் மேல சந்தோசம்.

— ஆமாமா. காலையில ரெண்டுக்குப் போயிட்டு அழகா மூடி வச்சுட்டு வந்துச்சு. செவுத்துக்கு பூமி பூச போட்டது உன் பூனைதான்.

— பெரிய மாமா ஏன்க்கா செவுரு கேட்டாரு? பேசாம இருந்தோம், சரி. வாசல வேற ரெண்டாக் கூறு போடணுமா?

— இன்னா சொல்ற நீ? அவரு எங்க கேட்டாரு? செவுரு இல்லாம அந்த வூட்ல குடியிருக்க மாட்டேன்னு உங்கூட்டுக்காரருதான் ஒத்தக் கால்ல நின்னதா இவரு சொன்னாரு.

— இல்லக்கா! அண்ணன் கேட்டுட்டாரு, என்னால மறுக்க முடியலன்னு அவரு சொன்னாரு. சொல்லும்போது கண்ணக் கூடத் தொடச்சாரு.

— கண்ணத் தொடச்சாரா? அப்ப இதுல எவனோ ஒருத்தன் பீலா வுடறான்.

— பதினேழு... பதினெட்டு! முடிஞ்சுதுக்கா! ஒரு சொட்டு ரத்தம் இல்ல!

— எங்க, காட்டு. எம் மேல ஏற வுடு. ...அட, பஞ்சாட்டம் கீது. சும்மா ஒத்தடம் குடுக்கிற மாதிரி கீது. இம்மாம் நேரம் இதுக்கா இந்த ஆட்டம் ஆடுன நீ? ஆங்? வாயப் பாரு, கருவாட்டு வாய.

— யக்கா, கேட்டு தொறக்குற சத்தம். யாரோ வராங்க.

— ஷாஹீதாடி! பொடவைக்கு வந்துட்டா! மறை, மறை!

— எத மறைக்கிறது? பொடவையவா, பூனையவா?

— ரெண்டையும்!

— ரெண்டையும் ஒரே எடத்துல மறைக்கக் கூடாதுக்கா!

— ஹேமாக்கா, கீறீங்களா? அட, சுகிர்தாவும் இங்கதான் கீதா? மாஷா அல்லா, ரெண்டு பேரையும் ஒரே பாயில பாத்து எவ்ளோ நாளாச்சு! இன்னா இது, கையில நகவெட்டி? பூனைக்கா நகம் வெட்றீங்க?

— வா ஷாஹீதா. இது... இது வெயில் நேரம், பூனைக்கு நகம் சீக்கிரமா வளருது. குந்து. மோர் குடிக்கிறியா?

— வாணாம்க்கா, எங்க ஹார்டுவேர் கடையில எங்கூட்டுக்காரு தனியா கீறாரு. பொடவ வாங்கிக்கினு அப்படியே ஓடணும். ஃபால்ஸ் ஆச்சா?

— ஆச்சு. ஆனா அந்த முந்தியில...

— அத்தச் சொல்லத்தான் வந்தேன்! முந்தியில ஒரு இழை இஸ்துக்கினு இருந்துச்சே, பாத்தீங்களா? கடையிலருந்து கொண்டாந்த அன்னிக்கே என் தங்கச்சி பிரிச்சுப் பாக்கறேன்னு வளையல்ல மாட்டிக்கினா. குடுக்கும்போது சொல்ல மறந்துட்டேன். ஊசியால உள்ள தள்ளி வுட்டுடுங்கன்னு சொல்லலாம்னு வந்தேன்.

— ...வளையலா?

— ஆமாக்கா. ஏன் அந்தப் பூனையக் கட்டிப் புடிச்சுக்கினு அப்படிப் பாக்கறீங்க?

— ஒண்ணுமில்ல ஷாஹீதாக்கா. இவங்க இப்பதான் ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு இருக்காங்க. பொடவய நான் சரி பண்ணித் தரேன், உக்காருங்க.

— சரி, பண்ணு. அப்பறம் ஞாயித்துக்கெழம நிக்காவுக்கு ரெண்டு பேரும் வந்துடணும். ரேடியோ செட்டு கூட உங்க வூட்டு ஆளுங்கதான்.

— எங்கூட்டுக்காரரா?

— எங்க வீட்டுக்காரரா?

— ரெண்டு பேருந்தான். வேற எப்படி? ஒருத்தராண்ட ஆம்ப்ளிஃபயரு, ஒருத்தராண்ட பாக்ஸு. ஒண்ண மட்டும் வச்சுக்கினு இன்னா பண்றது, தாளமா தட்டறது? ...இன்னாக்கா? ஏன் ரெண்டு பேரும் அப்படி முழிக்கிறீங்க?

— ஷாஹீதா. நீ இப்ப சொன்னத இன்னொரு வாட்டி மெதுவா சொல்லு.

— ஐயோ அல்லா. உங்களுக்குத் தெரியாதா? நீங்க ஒண்ணா குந்திக்கினு கீறதப் பாத்ததும், சரி, ராசியாயிட்டாங்க, விசயம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சு வாய வுட்டுட்டேனே! எங்கூட்டுக்காரு என்னிய உரிச்சுடுவாரு.

— உங்கூட்டுக்காரு அப்துல் கனி பாய நாங்க பாத்துக்கறோம். நீ சொல்லு. அவங்க எப்பலருந்து பேசிக்கிறாங்க?

— சண்ட போட்ட மூணாம் நாளே பேசிக்கினாங்கக்கா. எங்க கடையிலதான். தம்பி வந்து நின்னாரு, பெரியவரு எழுந்து கன்னத்தத் தடவிக் குடுத்தாரு, ரெண்டு பேரும் அழுதாங்க. எங்கூட்டுக்காரு டீ வாங்கிக் குடுத்தாரு. அன்னிலருந்து செட்டு மொத்தமும் எங்க குடோன்லதான் கீது. சாயந்தரம் ஆனா ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டாண்ட பரோட்டா, ஒரே எலையில.

— பரோட்டா! வாய்க்கு ருசியில்லன்னு எங்கூட்ல அரை வயிறு ரசம் சோறு சாப்பிடறாருக்கா!

— மூணாம் நாளு. நாம ஆறு மாசமா மூஞ்சத் திருப்பிக்கினு கீறோம். சரி ஷாஹீதா, ஏன் எங்களாண்ட சொல்லல? அத்த மட்டும் சொல்லிடு.

— வாணாம்க்கா.

— சொல்லு.

— நீங்க ரெண்டு பேரும் பேசுனா, எவ்ளோ துட்டு வந்துச்சு, எங்க போச்சுன்னு ரெண்டு பக்கத்துக் கதையும் ஒண்ணா சேந்துடுதாம். பேசாம இருந்தா வூடு நிம்மதியா கீதாம். இவ்ளோ நாளா கெடைக்காத நிம்மதியாம். இதுக்கு நடுவுல, என்னிக்காவது ஒரு நாள் ராசியாயிடப் போறாங்கன்னு பயந்துதான் செவுரு யோசன. பெரியவரு சொன்னாரு, சின்னவரு அளவு எடுத்தாரு. எங்க கடை டேப்பிலதான் அளந்தாங்க. நான் வரேன்க்கா. பொடவைய அப்பறமா வந்து வாங்கிக்கறேன். நான் வரவே இல்ல, இன்னா? நீங்க என்னியப் பாக்கவே இல்ல.

— ஓடறா பாரு. செருப்பு கூட மாட்டல.

— யக்கா.

— ம்.

— கண்ணத் தொடச்சாருக்கா. 'அண்ணன் கேட்டுட்டாரு, என்னால மறுக்க முடியல'ன்னு சொல்லி, துண்டால கண்ணத் தொடச்சாரு. நான் அவரு தலையக் கோதி விட்டு, கவலப்படாதீங்க, நான் இருக்கேன்னு சொன்னேன்.

— நான் தைலம் தேய்ச்சு வுட்டேன்.

— பொய் பேசறதுக்குன்னே ஒரு வாடகை ஆம்ப்ளிஃபயர், சாலவாக்கத்துல!

— சிரிக்கிறியா அழுவுறியா?

— தெரியலக்கா. ரெண்டும்தான் வருது.

— எனுக்கு சிரிப்புதான் வருது. ஆனா உள்ள எரியுது. போன மாசம் எங்கம்மாவுக்கு ஒடம்பு முடியாம போச்சுன்னு போன் வந்தப்ப, உன் வூட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிட்டேன்டி. சொல்லி அழ ஒரு ஆளு இல்ல. அவரு அப்ப பரோட்டா தின்னுக்கினு இருந்திருக்காரு.

— வந்தீங்களா? கதவத் தட்டியிருக்கலாமேக்கா. நான் அந்தாண்டதான உக்காந்திருப்பேன்.

— தட்டியிருக்கணும். இனிமே தட்டறதுக்கு இன்னா, ஒடைச்சுக்கினே வருவேன். மூஞ்சத் தொட. பூனையும் உன்னியே பாக்குது.

— அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

— நல்லா கீது. கஞ்சி குடிக்குது, மருமவள திட்டுது. நல்லாத்தான் கீது.

— சரிக்கா. எந்திரிங்க, பொடவ மாத்துங்க, நான் டீ போடறேன். அப்படியே செங்கேணி மேஸ்திரிக்கு போன் பண்ணி, நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடறேன்.

— எதுக்கு வேணாம்ன்ற? கல்லு வந்துட்ச்சு, மணலு வந்துட்ச்சு, சிமிட்டி மூட்ட கூட வந்து கீது. காலையில ஆறு மணிக்கே வரச் சொல்லு. செவுரு கட்டியே ஆவணும்.

— இன்னாக்கா சொல்றீங்க? இவ்ளோ பேசிட்டு, மறுபடியும் நமக்கு நடுவுல செவுரா?

— நமக்கு நடுவுல யாருடி சொன்னது? நெடுக்கால வாணாம், குறுக்கால கட்டச் சொல்லு: ரெண்டு அடுப்பும், டிவியும், தண்ணி டிரம்மும், நீயும் நானும் ஊப்பரும் வூட்டுப் பக்கம் இந்தாண்ட, தெருப் பக்கம் அந்தாண்ட ஆம்ப்ளிஃபயரும் பாக்ஸும் வச்சுக்கினு, ஒருத்தருக்கு ஒருத்தரு ஆக்கிப் போட்டுக்கினு, அண்ணனும் தம்பியும் ஒத்துமையா இருக்கட்டும்.